டெர்மினலில் ஃபைடோநெட்: பேக்கெட்டைப் பிரித்துப் பார்ப்பதிலிருந்து பதில் அனுப்புவது வரை

பிபிஎஸ் (தொலைபேசி வழியே இன்னொரு கணினிக்குள் நுழைந்து செய்தி படிக்கவும் எழுதவும் உதவிய பலகை) என்றாலே மோடம் காலத்துச் சமாச்சாரம், அது எப்போதோ முடிந்துபோய்விட்டது என்று நினைப்பவர்கள்தான் அதிகம். தொலைபேசி வழி முடிந்துவிட்டது, சரி. பிபிஎஸ்களை ஒன்றோடொன்று இணைத்துச் செய்தி பரிமாறும் ஃபைடோநெட் முடியவில்லை. இன்றைக்கும் இணையத்தின் மேல் ஓடிக்கொண்டிருக்கிறது, அதில் சேர ஒரு பழைய லேப்டாப்போ ராஸ்பெரி பையோ போதும். வேலை முழுக்க டெர்மினலிலேயே நடக்கும், மவுஸைத் தொடவே வேண்டியதில்லை.

இதைக் கற்கும்போது ஒரே ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் மற்றது தானாக வரும். இங்கே செய்தி என்பது கோப்பு, அவ்வளவுதான். ஒரு நிரல் கோப்பை ஒரு ஃபோல்டரில் கொண்டுவந்து வைக்கும், அடுத்த நிரல் அதை எடுத்துப் பிரித்து வேறு ஃபோல்டரில் போடும், மூன்றாவது நிரல் பதில்களைக் கட்டி வெளியே வைக்கும். அஞ்சல் வரவில்லை, போகவில்லை என்றால் கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்றுதான்: கோப்பு எந்த ஃபோல்டரில் நிற்கிறது?

இந்த ஏற்பாட்டுக்குக் காரணம் தொலைபேசிக் கட்டணம். 1984-இல் சான் பிரான்சிஸ்கோவில் இருந்த டாம் ஜென்னிங்ஸ் தன்னுடைய ஃபைடோ பிபிஎஸ்ஸை பால்டிமோரில் இருந்த ஜான் மாடிலின் பிபிஎஸ்ஸோடு இணைத்தபோது, பகலில் தொலைதூர அழைப்புக்கு ஆகும் செலவு கட்டுப்படியாகாது. அதனால் நாள் முழுக்கச் செய்திகளைச் சேர்த்து, ஒரே பொட்டலமாகக் கட்டி, கட்டணம் குறைந்த இரவில் ஒரே அழைப்பில் அனுப்பினார்கள். கொஞ்ச நாளில் டல்லஸைச் சேர்ந்த ஜெஃப் ரஷ் எக்கோமெயிலைக் கொண்டுவந்தார், அதன் பிறகு ஒருவர் எழுதியது எல்லா நிலையங்களுக்கும் பரவும் பொது உரையாடல் சாத்தியமாயிற்று. 1990களின் நடுவில் நிலையங்களின் எண்ணிக்கை 30 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. மோடம் போய் இணையம் வந்தும் பொட்டலம் கட்டுவது மட்டும் மாறவில்லை.

கட்டளைகளைச் சொல்லும் விதத்திலேயே எழுதிக்கொண்டு போகிறேன், நீங்கள் தட்டும்போது, பெரிய எழுத்து என்று சொன்ன இடம் தவிர, ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள்.

முதலில் முகவரி

ஃபைடோநெட் முகவரி மண்டலம், வலை, நிலையம், பாயிண்ட் என்ற வரிசையில் இருக்கும். 2:10000/1.7 என்றால் 2-ஆம் மண்டலம், 10000-ஆம் வலை, 1-ஆம் நிலையம், அதன் கீழே 7-ஆம் பாயிண்ட். (இந்த வலை எண் உதாரணத்துக்காக நான் வைத்துக்கொண்டது.) மண்டலம் 1 வட அமெரிக்கா, 2 ஐரோப்பாவும் ரஷ்யாவும், 3 ஆஸ்திரேலியாப் பக்கம், 4 லத்தீன் அமெரிக்கா. ஆசியாவுக்கு ஒருகாலத்தில் 6 தனியாக இருந்தது, இப்போது இல்லை. ஃபைடோநெட்டுக்கு வெளியே இதே தொழில்நுட்பத்தில் ஓடும் சின்ன வலைகளும் உண்டு, நியூசிலாந்திலிருந்து நடத்தப்படும் எஃப்எஸ்எக்ஸ்நெட் 21 என்ற எண்ணைப் பயன்படுத்துகிறது.

புதிதாக வருபவர் நேரே நிலையம் ஆகிவிட வேண்டாம். ஏற்கெனவே நிலையம் நடத்தும் ஒரு ஸிசாப்பிடம் (நிலையத்தின் பொறுப்பாளர்) கேட்டு அவருக்குக் கீழே பாயிண்டாகச் சேருங்கள். பாயிண்டுக்கு நோட்லிஸ்ட் (நிலையங்களின் பட்டியல்) பொறுப்பு இல்லை, 24 மணி நேரமும் மெஷினை ஏற்றி வைத்திருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. அவர் உங்களுக்கு ஒரு பாயிண்ட் எண், கடவுச்சொல், தன் சர்வரின் பெயர் மூன்றையும் தருவார். இனி நாம் 2:10000/1.7, நம் பாஸ் நிலையம் 2:10000/1 என்று வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

என்னென்ன வேண்டும்

மூன்று வகை நிரல்கள். மெயிலர் என்பது பொட்டலத்தை எடுத்து வந்து கொடுக்கிற தபால்காரர், உள்ளே என்ன இருக்கிறது என்று அது பார்க்காது. டாசர் என்பது பொட்டலத்தைப் பிரித்துச் செய்திகளை அந்தந்த எக்கோவில் (பொது உரையாடல் பகுதியில்) போடுவது, நாம் எழுதியதைத் திரும்பப் பொட்டலமாகக் கட்டுவதும் அதுவே. மூன்றாவது எடிட்டர், படிக்கவும் எழுதவும்.

மெயிலருக்குப் பிங்க்டி, வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை. திமா மாலோஃப் எழுத ஆரம்பித்தது. 24554 என்ற போர்ட்டில் பேசும், டெபியன், உபுண்டு களஞ்சியத்திலேயே கிடைக்கும். டாசருக்கு இரண்டு நல்ல வழிகள்: யோஹான் பில்லிங் முதலில் அமிகாவுக்காக எழுதிய கிராஷ்மெயில், அல்லது ஹஸ்கி தொகுப்பில் இருக்கும் ஹெச்பிடி. கிராஷ்மெயில் டெபியனிலேயே இருக்கிறது, ஒரே நிமிடத்தில் நிறுவிவிடலாம், கூடவே கிராஷ்ரைட், கிராஷ்லிஸ்ட், கிராஷ்மெயின்ட் என்று சின்னச் சின்னக் கருவிகளும் வரும். ஹஸ்கியை மூலநிரலிலிருந்து கம்பைல் செய்ய வேண்டும். ஹஸ்கிலிப், எஸ்மாபி, ஃபைடோகான்ஃப், ஏரியாஃபிக்ஸ், ஹெச்பிடி என்ற வரிசையில் போனால் தடங்கல் இல்லாமல் முடியும், வரிசையை மாற்றினால் ஹெடர் கோப்பைக் காணோம் என்று பாதியில் நிற்கும்.

என் தேர்வு ஹெச்பிடி. கான்ஃபிக் கோப்பு நீளமாகப் போகும்தான், ஆனால் எது ஏன் நடந்தது என்று லாகில் தெளிவாக எழுதி வைக்கும், தப்பாக வந்த பொட்டலத்தை அழிக்காமல் பெயர் மாற்றி ஓரமாக வைக்கும். கற்றுக்கொள்கிறவருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? எடிட்டருக்குக் கோல்ட்எட் பிளஸ். செய்திக் கிடங்குக்கு ஸ்க்விஷ், ஜேம் என்று இரண்டு பிரபலமான வடிவங்கள் உண்டு, ஜேமை எடுத்துக்கொள்ளுங்கள், கிராஷ்மெயில் உட்பட எல்லாக் கருவிகளுக்கும் அது புரியும்.

ஃபோல்டர்கள்: பெரும்பாலான குழப்பம் இங்கேதான்

ஃபைடோ என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் இன்செக்யூர், செக்யூர், லோக்கல், அவுட்பவுண்ட், டெம்ப், பேஸ், லாக் என்று ஏழு உள் ஃபோல்டர்கள். இவற்றின் பெயர் எப்படியும் இருக்கலாம், ஆனால் முதல் இரண்டில் மட்டும் கவனமாக இருங்கள்.

பிங்க்டியின் கான்ஃபிக்கில் "இன்பவுண்ட்" என்ற சொல், கடவுச்சொல் பொருந்திய அழைப்பில் வந்த கோப்புகளுக்கானது. பொருந்தாதவை "இன்பவுண்ட்-நான்செக்யூர்" பக்கம் போகும். ஹெச்பிடியின் கான்ஃபிக்கிலோ "இன்பவுண்ட்" என்றால் நம்பிக்கையில்லாதது, கடவுச்சொல்லோடு வந்ததற்கு "ப்ராட்இன்பவுண்ட்" என்று பெயர். அதாவது ஒரே சொல்லுக்கு இரண்டு நிரல்களிலும் நேர்மாறான பொருள். இரண்டு கான்ஃபிக்கிலும் "இன்பவுண்ட்" என்ற வரியில் ஒரே ஃபோல்டரைக் கொடுத்துவிட்டு, எக்கோமெயில் ஏன் பிரியவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் ஏராளம். செக்யூர் ஃபோல்டரைப் பிங்க்டியில் இன்பவுண்டாகவும் ஹெச்பிடியில் ப்ராட்இன்பவுண்டாகவும் கொடுங்கள், பாதிப் பிரச்சினை வராமலேயே போகும்.

பிங்க்டிக்கு அப்புறம் வேண்டியவை சில வரிகளே. "டொமைன்" வரியில் ஃபைடோநெட், அவுட்பவுண்ட் ஃபோல்டரின் முழுப் பாதை, கடைசியில் 2 என்ற மண்டல எண். "அட்ரஸ்" வரியில் 2:10000/1.7, அதோடு அட் குறி போட்டு ஃபைடோநெட். "நோட்" வரியில் பாஸின் முகவரி, அவர் சர்வரின் பெயர், கடவுச்சொல். "கில்-ஓல்ட்-பிஎஸ்ஒய்" என்ற வரிக்கு 12 மணி நேரம் கொடுத்துவிடுங்கள், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

ஹெச்பிடி பக்கம் "அட்ரஸ்", "ஸிசாப்", ஃபோல்டர் வரிகள், "நெட்மெயில்ஏரியா", "பேட்ஏரியா", "டூப்ஏரியா", பிறகு பாஸுக்காக ஒரு "லிங்க்" பகுதி. அந்தப் பகுதியில் "ஏகேஏ" என்பது பாஸின் முகவரி, "அவர்ஏகேஏ" என்பது நம்முடையது. "ரூட் கிராஷ்" என்ற வரியில் பாஸின் முகவரியையும் ஒரு நட்சத்திரக் குறியையும் போட்டால் எந்த ஊருக்குப் போகும் நெட்மெயிலும் (ஒருவருக்கு மட்டும் எழுதும் தனி அஞ்சல்) பாஸ் வழியாகவே போகும், பாயிண்டுக்கு அது போதும். "அன்பேக்" வரியில் அன்ஸிப் கட்டளையோடு 504பி0304 என்ற எண்ணையும் கொடுக்க வேண்டும், அது ஸிப் கோப்பின் முதல் நான்கு பைட். பொட்டலத்தின் பெயரை நம்பாமல் அந்த பைட்டுகளைப் பார்த்துத்தான் எந்தச் சுருக்கி என்று ஹெச்பிடி முடிவு செய்கிறது.

எழுதி முடித்ததும் டிபார்சர் என்று தட்டுங்கள். கான்ஃபிக்கைப் படித்து, எந்த வரி புரியவில்லை, எந்த ஃபோல்டர் இல்லை என்று சொல்லும். அது முணுமுணுப்பதை நிறுத்துகிற வரைக்கும் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

முதல் அழைப்பு

பிங்க்டி மைனஸ் சின்ன பி, அப்புறம் மைனஸ் பெரிய பி போட்டு பாஸின் முகவரி, கடைசியில் கான்ஃபிக் கோப்பின் பெயர். சின்ன பி என்றால் அழைத்து முடித்ததும் வெளியேறு என்று பொருள், பெரிய பி யாரை அழைப்பது என்று சொல்கிறது. திரையில் பாஸின் பெயர், ஊர், ஸிசாப் விவரம் வரிசையாக வரும். கடவுச்சொல் பொருந்தியதா என்பதையும் அங்கேயே பாருங்கள்.

இப்போது செக்யூர் ஃபோல்டரில் என்ன வந்திருக்கிறது? ஆரம்பத்தில் ஒன்றும் இருக்காது, ஏனென்றால் எந்த எக்கோவுக்கும் நாம் சந்தா போடவில்லை. அதற்குப் பாஸின் நிலையத்தில் ஏரியாஃபிக்ஸ் என்ற பெயருக்கு ஒரு நெட்மெயில் எழுத வேண்டும். பொருள் வரியில் ஏரியாஃபிக்ஸ் கடவுச்சொல், உடலில் சதவீதக் குறி போட்டு லிஸ்ட் என்று ஒரு வரி எழுதினால் பட்டியல் வரும். பிறகு பிளஸ் குறி போட்டு எக்கோவின் பெயரை எழுதினால் சந்தா, மைனஸ் போட்டால் விலகல். பதில் எழுதுவது பாஸ் அல்ல, அவருடைய நிரல். ஆகவே வணக்கம், நலம் விசாரிப்பு எல்லாம் அதில் வேண்டாம், அதையும் கட்டளை என்று நினைத்துப் பிழைப் பட்டியல் அனுப்பும்.

பொட்டலத்தைக் கண்ணால் பாருங்கள்

சந்தா போட்டபின் அடுத்த அழைப்பில் எட்டு எழுத்துப் பெயரும் எம்ஓ0, டியூ1 மாதிரியான பின்னொட்டும் உள்ள கோப்பு வரும். அந்த இரண்டு எழுத்துகள் ஆங்கிலக் கிழமையின் முதல் எழுத்துகள், எண் அன்றைய வரிசை. பெயரைப் பார்த்து மிரள வேண்டாம், பெரும்பாலும் அது சாதாரண ஸிப்தான். ஃபைல் கட்டளையிடம் கேளுங்கள், சொல்லும். அன்ஸிப் மைனஸ் எல் போட்டால் உள்ளே பிகேடி என்று முடியும் பேக்கெட் கோப்பு ஒன்றோ பலவோ தெரியும்.

டாஸ் செய்தால், அதாவது பொட்டலத்தைப் பிரித்தால், ஹெச்பிடி மூலப் பொட்டலத்தை அழித்துவிடும். அதனால் கற்றுக்கொள்ளும் காலம் முழுக்க, டாஸுக்கு முன்னால் செக்யூர் ஃபோல்டரை வேறு இடத்தில் ஒரு நகல் எடுத்து வையுங்கள். அந்த நகலில் ஒரு பிகேடியை எடுத்து, பைட்டுகளை எண்களாகக் காட்டும் எக்ஸ்எக்ஸ்டி கட்டளையில் எக்ஸ்எக்ஸ்டி மைனஸ் ஜி 1 மைனஸ் எல் 58 என்று போடுங்கள். 58 பைட் என்பது பேக்கெட்டின் தலைப்பகுதியின் அளவு. முதல் வரி இப்படி வரும் என்று வையுங்கள்:

01 00 01 00 இ9 07 07 00 10 00 15 00 20 00 05 00

எல்லாம் இரண்டிரண்டு பைட், சின்னது முன்னால், எல்லாம் பதினாறடிமான எண்கள். முதல் 01 00 அனுப்பிய நிலையம், அடுத்த 01 00 பெறும் நிலையம். பாயிண்டுக்கு அதன் பாஸிடமிருந்து வருவதால் இரண்டும் 1. இ9 07 என்பதைத் திருப்பிப் போட்டால் 07இ9, அதாவது 2025. அடுத்த 07 00 ஜூலை இல்லை, ஆகஸ்ட், ஏனென்றால் மாதம் 0-இலிருந்து ஆரம்பிக்கிறது, சொந்தமாக ஸ்கிரிப்ட் எழுதுபவர்கள் வழுக்கி விழும் இடம் இது. 10 00 என்றால் 16-ஆம் தேதி, பிறகு 21 மணி, 32 நிமிடம், 5 விநாடி.

இரண்டாவது வரி:

00 00 02 00 10 27 10 27

என்று தொடங்கும். நடுவில் உள்ள 02 00 பேக்கெட்டின் வகை. அது இல்லையென்றால் கையில் இருப்பது பேக்கெட்டே இல்லை. 10 27-ஐத் திருப்பினால் 2710, அதுதான் 10000, நம் வலை எண். அதற்குப் பின்னால் நிரலின் அடையாளம், பிறகு எட்டு பைட்டில் பேக்கெட் கடவுச்சொல், மறைக்காமல் அப்படியே கண்ணுக்குத் தெரியும். அதனால் பிகேடி கோப்பை உதவி கேட்டு யாருக்காவது அனுப்பும் முன் இந்த இடத்தை அழித்துவிட்டு அனுப்புங்கள். மண்டலமும் பாயிண்டும் தலைப்பகுதியின் வாலில் இருக்கின்றன, 0-இலிருந்து எண்ணினால் 52-ஆவது பைட்டில் 07 00 என்று நம் பாயிண்ட் எண் நிற்கும். 1984-இல் பாயிண்ட் என்ற யோசனையே கிடையாது, பின்னால் வந்தவர்கள் காலியாகக் கிடந்த இடத்தில் அதைச் செருகினார்கள்.

58-க்கு அப்புறம் ஒவ்வொரு செய்தியும் 02 00 என்று தொடங்கும். அந்த இரண்டு பைட்டையும் சேர்த்து 14 பைட் முகவரியும் கொடிகளும், 20 பைட் தேதி, பெறுபவர் பெயர், அனுப்பியவர் பெயர், பொருள், உடல். பேக்கெட்டின் கடைசியில் 00 00. இதையெல்லாம் கையால் எண்ணச் சோம்பலாக இருந்தால் ஹஸ்கியிலேயே பிகேடிஇன்ஃபோ இருக்கிறது, அழகாக அச்சடித்துக் காட்டும். ஆனால் ஒரு முறையாவது கையால் எண்ணிப் பாருங்கள், பின்னால் எந்தப் பிழைச் செய்தியும் புதிராகத் தெரியாது.

உடலைப் படிக்க லெஸ் போட்டால் எல்லாம் ஒரே நீள வரியாக ஓடும், ஏனென்றால் இங்கே வரி முடிவு 13-ஆம் எண் மட்டும், லினக்ஸுக்குப் பழக்கமான 10 இல்லை. டிஆர் கட்டளையில் பேக்ஸ்லாஷ் ஆர் என்பதை பேக்ஸ்லாஷ் என் ஆக்கினால் வரிகள் பிரியும். ரஷ்ய எக்கோ என்றால் நடுவில் ஐகான்வ் வைத்து சிபி866-இலிருந்து யுடிஎஃப்-8-க்கு மாற்றுங்கள். இப்போது எக்கோமெயிலின் எலும்புக்கூடு தெரியும்: முதல் வரியில் ஏரியா, அடுத்து எம்எஸ்ஜிஐடி (செய்தியின் அடையாளம்), சிஹெச்ஆர்எஸ் (எழுத்துக் குறியாக்கம்) போன்ற மறைவரிகள் (ஒவ்வொன்றின் முன்னாலும் 1 என்ற பைட் இருக்கும்), பிறகு எழுத்து, மூன்று கோடுகள், ஆரிஜின் வரி, கடைசியில் சீன்-பை, பாத். சீன்-பை எந்தெந்த நிலையங்களுக்கு ஏற்கெனவே போய்விட்டது என்ற பட்டியல், பாத் எந்த வழியாக வந்தது என்பது. ஒரே செய்தி இரண்டு முறை வந்தால் இரண்டின் பாத் வரிகளையும் ஒப்பிட்டாலே வளையம் எங்கே விழுந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

தமிழில் எழுத முடியுமா?

முடியும், ஒரு பொறியைத் தாண்டினால். 1980களில் எழுதப்பட்ட விதிப்படி, செய்தியின் உடலில் 8டி என்ற பைட் வந்தால் அது "மென் வரிமுறிவு", அதைக் கண்டுகொள்ளாமல் விட வேண்டும். ஆங்கிலத்தில் அந்த பைட்டே வராது. ரஷ்யர்களின் சிபி866-இல் அது பெரிய என் எழுத்து, பார்வைக்கு ஆங்கில ஹெச் மாதிரி இருக்கும். பல நிரல்கள் அந்த எழுத்தைத் தின்றுவிட்டதால், அங்கே அதற்குப் பதிலாக ஆங்கில ஹெச்சையே தட்டுவது ஒரு பழக்கமாகவே ஆகியிருந்தது.

நமக்கு? யுடிஎஃப்-8-இல் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். மெய்யெழுத்தின் மேல் வைக்கும் புள்ளி இ0 ஏஎஃப் 8டி. கடைசி பைட்டைப் பாருங்கள். தமிழின் அத்தனை உயிர், உயிர்மெய், குறிகளிலும் 8டி வருவது புள்ளியில் மட்டும்தான், ஆனால் புள்ளி இல்லாமல் தமிழில் ஒரு வாக்கியம்கூட எழுத முடியாதே. பழைய விதியை அட்சரம் பிசகாமல் பின்பற்றும் ஒரு நிரல் வழியாக "வணக்கம்" போனால் 21 பைட்டில் 2 காணாமல் போய், க-வுக்கும் ம-வுக்கும் மேலே புள்ளி இருந்த இடத்தில் கேள்விக்குறிக் கட்டம் வரும்.

அதனால் செய்ய வேண்டியது: ஒரு உரைக் கோப்பில் "வணக்கம்" என்று எழுதி, பாஸிடம் சொல்லிவிட்டு அவருக்கே நெட்மெயிலாக அனுப்புங்கள், அவரை அதே உரையை மேற்கோளாக்கித் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். வந்த பேக்கெட்டை டாஸுக்கு முன்னால் எக்ஸ்எக்ஸ்டியில் திறந்து இ0 ஏஎஃப் 8டி முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வழி சுத்தம், அதற்கப்புறம் திரையில் கோளாறு தெரிந்தால் அது உங்கள் எடிட்டரின் வேலை. கோல்ட்எட்டில் டிஸ்ப்சாஃப்ட்சிஆர் என்ற அமைப்பை யெஸ் ஆக்கலாம், ஆனாலும் அது ஒரு பைட்டுக்கு ஒரு கட்டம் என்ற காலத்தில் பிறந்தது, தமிழை அதில் சுகமாகப் படிக்க முடியாது. தமிழ்ச் செய்திக்குச் சிஹெச்ஆர்எஸ் மறைவரியில் யுடிஎஃப்-8 4 என்று இருக்க வேண்டும்.

இன்னொன்று, பெயருக்கு 36 பைட், பொருளுக்கு 72, இரண்டிலும் ஒரு பைட் முடிவுக் குறிக்குப் போய்விடும். கணக்குப் போட்டால் தமிழில் பெயர் 11 குறிகள், பொருள் 23 குறிகள். கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனிக் குறி என்பதால் "சுப்பிரமணியன்" என்ற பெயருக்கே இடம் போதாது. பெயரை ஆங்கில எழுத்தில் வைத்துக்கொண்டு, பொருள் வரியைச் சுருக்கமாக எழுதுவதுதான் நடைமுறை.

டாஸ், ஸ்கேன், பேக்

ஹெச்பிடி டாஸ். மூன்று உள்வரும் ஃபோல்டர்களையும் பார்த்து, பிரித்து, எக்கோக்களில் போடும். முடிந்ததும் செக்யூர் ஃபோல்டர் காலியாக இருக்க வேண்டும். ஏதாவது மிச்சம் இருந்தால் பின்னொட்டைப் பாருங்கள். எஸ்இசி என்றால் பேக்கெட் கடவுச்சொல் பொருந்தவில்லை, அல்லது நம்பிக்கையில்லாத ஃபோல்டரில் வந்துவிட்டது. என்டியூ என்றால் நமக்கு வந்ததே இல்லை, முகவரி வேறு. பிஏடி என்றால் கோப்பே கெட்டிருக்கிறது. எஸ்இசி-க்குக் காரணம் பெரும்பாலும் அழைப்புக் கடவுச்சொல்லும் பேக்கெட் கடவுச்சொல்லும் ஒன்று என்று நினைத்துக்கொள்வது. இரண்டும் வேறு வேறு, பின்னது எட்டு எழுத்துக்கு மேல் போகாது. சரிசெய்தபின் கோப்புக்குப் பழைய பெயரைக் கொடுத்துவிட்டு மறுபடி டாஸ் செய்யுங்கள்.

பிரிந்த செய்தி எக்கோவில் இல்லாமல் பேட்ஏரியாவில் விழுந்திருந்தால், அந்த எக்கோவைக் கான்ஃபிக்கில் சேர்க்க மறந்திருப்பீர்கள். சேர்த்துவிட்டு ஹெச்பிடி டாஸ் மைனஸ் பி என்று போட்டால் பேட்ஏரியாவையே மறுபடி பிரிக்கும்.

பதில் எழுதியபின் ஹெச்பிடி ஸ்கேன் எக்கோக்களில் நாம் எழுதியவற்றைச் சேகரிக்கும், ஹெச்பிடி பேக் நெட்மெயிலைக் கட்டும். எடிட்டர் எந்தெந்த எக்கோவில் எழுதினோம் என்று எக்கோடாஸ்லாக் என்ற கோப்பில் குறித்து வைக்கும்படி அமைத்துவிட்டால் ஸ்கேன் நூறு எக்கோவையும் துழாவ வேண்டியிருக்காது.

இப்போது அவுட்பவுண்ட் ஃபோல்டரைப் பாருங்கள். 27100001 என்ற பெயரில் ஒரு கோப்பு இருக்கும். 2710 வலை எண், 0001 நிலைய எண், இரண்டும் பதினாறடிமானத்தில். பின்னொட்டு சிஎல்ஓ என்றால் உடனே அனுப்பு, எஃப்எல்ஓ என்றால் சாதாரணம், ஹெச்எல்ஓ என்றால் அவரே வந்து எடுக்கட்டும். அதற்குள் உரையாக ஒரு வரி, தொப்பிக் குறியோடு ஆரம்பித்துப் பொட்டலத்தின் பாதை. அனுப்பியதும் அழித்துவிடு என்பதுதான் தொப்பியின் அர்த்தம். வேறு மண்டலத்துக்குப் போவதென்றால் ஃபோல்டர் பெயரின் வாலில் மண்டல எண் பதினாறடிமானத்தில் ஒட்டிக்கொள்ளும், எஃப்எஸ்எக்ஸ்நெட்டின் 21-க்கு அவுட்பவுண்ட் புள்ளி 015. இதே பெயரோடு பிஎஸ்ஒய் என்று முடியும் கோப்பு இருந்தால் யாரோ அந்த நிலையத்துக்கான பொட்டலத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறார்கள், மற்றவர் கை வைக்காதீர்கள் என்று அர்த்தம். மின்சாரம் போய் நிரல் பாதியில் செத்தால் இந்தக் கோப்பு மட்டும் அனாதையாக நின்று, அஞ்சல் ஒன்றுமே போகாது. மேலே கில்-ஓல்ட்-பிஎஸ்ஒய் சொன்னது இதற்காகத்தான்.

எடிட்டர் இல்லாமல் ஸ்கிரிப்டிலிருந்தே செய்தி போட வேண்டுமா? டிஎக்ஸ்டி2பிகேடி இருக்கிறது. எக்ஸ்எஃப், எக்ஸ்டி என்ற விருப்பங்கள் பேக்கெட்டின் முகவரிகள், ஏஎஃப், ஏடி செய்தியின் முகவரிகள், என்எஃப், என்டி பெயர்கள், இ எக்கோவின் பெயர், எஸ் பொருள், டி எந்த ஃபோல்டர். அந்த ஃபோல்டராக லோக்கலைக் கொடுத்தால் அடுத்த டாஸில் உள்ளே போய்விடும், அங்கே பாதுகாப்புச் சோதனை கிடையாது. தானியங்கிச் செய்தியை மற்றவர்களின் எக்கோவில் கொட்டாதீர்கள். ஒரு வாரம் அமைதியாகப் பார்ப்பார்கள், அப்புறம் உங்கள் பாஸுக்குப் புகார் போகும், அவர் உங்கள் இணைப்பை அறுப்பார், அது நியாயமும்கூட.

பாயிண்ட் வேண்டாம், படித்தால் போதும் என்பவர்களுக்கு

அவர்களுக்குக் கியூடபிள்யூகே. 1987-இல் மார்க் ஹெரிங் உருவாக்கியது. பிபிஎஸ்ஸில் உள்நுழைந்து ஒரு பொட்டலத்தை இறக்கிக்கொண்டு, மல்டிமெயில் என்ற நிரலில் ஆற அமரப் படித்து, பதில்களை ஆர்இபி பொட்டலமாக ஏற்றிவிடலாம். சின்க்ரோநெட் வகை பிபிஎஸ்களில் இந்த வசதி இருக்கிறது, டவ்நெட் என்ற வலை நிலையங்களுக்கிடையே செய்தி பரிமாறுவதே இந்த வடிவத்தில்தான்.

இதுவும் ஸிப்தான். உள்ளே கண்ட்ரோல் டாட்டில் பிபிஎஸ் விவரமும் பகுதிகளின் பெயர்களும், மெசேஜஸ் டாட்டில் எல்லாச் செய்தியும். அந்தக் கோப்பு 128 பைட் கட்டங்களாக அடுக்கப்பட்டது, முதல் கட்டம் வெறும் காப்புரிமை வாசகம். டிடி கட்டளையில் பிஎஸ் 128, ஸ்கிப் 1, கவுண்ட் 1 கொடுத்தால் முதல் செய்தியின் தலைப்பு மட்டும் கழன்று வரும், 117-ஆவது எழுத்திலிருந்து ஆறு இடத்தில் இந்தச் செய்தி மொத்தம் எத்தனை கட்டம் என்று எழுதியிருக்கும், தலைப்பும் அந்தக் கணக்கில் சேர்த்தி. வரி முடிவு 227 என்ற பைட், டிஆரில் எண்ம முறையில் பேக்ஸ்லாஷ் 343 என்று எழுதினால் மாற்றிவிடலாம். ஜப்பானியக் கனா எழுத்துகள் யுடிஎஃப்-8-இல் அந்த பைட்டோடுதான் தொடங்குகின்றன, அவர்கள் பாடு திண்டாட்டம். தமிழ் 224-இல் தொடங்குவதால் உடலில் சிக்கல் இல்லை, பெயருக்கும் பொருளுக்கும் தலா 25 பைட்தான் என்பது மட்டும் இடிக்கும், எட்டுக் குறிகளோடு சரி.

க்ரானில் போடும் முன்

எல்லாம் கையால் சரியாக ஓடியபிறகு ஒரு சின்ன ஸ்கிரிப்டில் ஸ்கேன், பேக், பிங்க்டி அழைப்பு, டாஸ் என்ற வரிசையில் எழுதுங்கள். இந்த வரிசையில் போனால் ஒரே அழைப்பில் நம்முடையது போய், புதியது வந்து, உடனே பிரிந்தும் விடும். க்ரானில் (நிரலைக் குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் லினக்ஸ் வசதி) மணிக்கு ஒரு முறை போதும், ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பாஸின் கதவைத் தட்ட வேண்டாம். எஸ்கியூபேக்கை வாரம் ஒரு முறை ஓட்டினால் எக்கோவின் வரியில் நீங்கள் கொடுத்த மைனஸ் பி நாட்களைத் தாண்டிய பழைய செய்திகளைக் கழித்துக் கிடங்கைச் சுருக்கும். இரண்டு ஹெச்பிடி ஒரே நேரத்தில் ஓடாமலிருக்க கான்ஃபிக்கில் "லாக்ஃபைல்" வரி கட்டாயம் இருக்கட்டும், க்ரான் ஓடும் நிமிடத்தில் நீங்களும் டெர்மினலில் டாஸ் தட்டினால் இரண்டாவது அமைதியாக விலகிக்கொள்ளும்.